இரும்பு ஆணியில் தாமிரம் படியும் விதம்: எலக்ட்ரான் கைமாறுவதைக் காண ஒரு செய்முறை

உலோகப் பரப்பிலிருந்து கரைசலில் உள்ள அயனிக்கு (மின்னூட்டம் கொண்ட அணுவுக்கு) எலக்ட்ரான் கைமாறுவதைப் பாடநூல்கள் ஒற்றை வரிச் சமன்பாட்டில் முடித்துவிடுகின்றன. அந்த வரிக்குள் நிகழ்வதை அரை மணி நேரத்தில் கண்ணெதிரே பார்க்கலாம்.

தேவையானவை: நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ கிடைக்கும் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) ஐந்து கிராம், கண்ணாடிக் குவளை, தண்ணீர் 100 மில்லி, உப்புத்தாள், நகப்பூச்சு, சாதாரண இரும்பு ஆணி. துத்தநாகம் பூசிய ஆணி வேண்டாம். அதில் முதலில் வினைபுரிவது இரும்பன்று, துத்தநாகமே. மயில்துத்தம் நஞ்சு என்பதால் கையுறை அணியுங்கள். சமையல் பாத்திரங்களைத் தொடாதீர்கள். சிறுவர்கள் பெரியவர் துணையின்றிச் செய்யக் கூடாது.

முதலில், ஆணியை உப்புத்தாளால் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் இருந்தால் அயனியால் உலோகத்தை நெருங்க முடியாது. எலக்ட்ரான் தாண்டக்கூடிய தொலைவோ ஒரு நானோமீட்டர் அளவே. பிறகு ஆணியின் மேல்பாதியில் நகப்பூச்சைத் தடவி, நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்து, மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து, ஆணி முழுவதும் மூழ்கும்படி இடுங்கள். சில நொடிகளிலேயே கீழ்ப்பாதி செம்பழுப்பு நிறம் கொள்ளும். நகப்பூச்சு மூடிய பகுதி மாறாமல் இருக்கும். அந்த இரண்டும் சந்திக்கும் கோட்டைக் கூர்ந்து பாருங்கள்: கைமாற்றம் பரப்பில்தான் நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இரும்பு அணு ஒன்று இரண்டு எலக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு, அயனியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்த இரண்டையும் தாமிர அயனி ஒன்று பெற்று உலோகமாகப் படிகிறது. இரும்பின் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் (அதன் அயனி எலக்ட்ரானை ஏற்கும் நாட்டத்தின் அளவு) −0.44 வோல்ட், தாமிரத்தினுடையது +0.34 வோல்ட், இந்த 0.78 வோல்ட் வேறுபாடே வினையை முன்னே தள்ளுகிறது. தாமிரக் கம்பியை இரும்பு சல்பேட் கரைசலில் இட்டால் இத்தகைய படிவு தோன்றாததற்கும் இதுவே காரணம்.

தாமிரம் இரும்பை மூடிய பிறகும் வினை ஏன் நிற்பதில்லை என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. எலக்ட்ரான்கள் தண்ணீரில் நீந்திச் செல்வதில்லை. உலோகத்தின் வழியாகவே ஓடுகின்றன. படிவின் நுண்ணிய இடுக்குகளில் இரும்பு கரையும்போது விடுபடும் எலக்ட்ரான்கள், தாமிரமும் மின்கடத்தி என்பதால் அதனூடே வெளிப்பரப்பை அடைந்து, அங்கே காத்திருக்கும் அயனிகளைச் சேர்கின்றன. ஆகவே இரும்பு ஓரிடத்தில் கரைய, தாமிரம் வேறோரிடத்தில் வளர்கிறது. நேரம் செல்லச் செல்லப் படிவு பொருக்குப் பொருக்காக உதிர்வதையும் காணலாம்.

கரைசலைச் சாக்கடையிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். தாமிர அயனிகள் மீன்களைக் கொல்லும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அதில் போட்டு ஓரிரு நாள் வைத்தால், நீலம் மறைந்து தாமிரம் அடியில் தங்கிவிடும்.