தம்பிக்குக் குரல் கேட்கிறது என்றால் வீட்டில் என்ன செய்வது

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்தபோது அவனுக்கு 19 வயது, பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. இப்போது 35. இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டதை, இந்த நோய் இப்போதுதான் வீட்டுக்குள் வந்து திகைத்து நிற்கிற ஒரு அக்காவுக்கோ அம்மாவுக்கோ சொல்வதாக நினைத்து எழுதுகிறேன். அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். “பேரு மட்டும் போடாதக்கா” என்றான்.

குரல் கேட்பதற்கு முன்பே நோய் தொடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் ஏழெட்டு மாதம் முன்பே அறிகுறி இருந்தது. வாலிபால் ஆடப் போவதை நிறுத்தினான், நான்கு நாளைக்கு ஒருமுறை குளித்தான், ராத்திரி முழுக்க விழித்திருந்தான். ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் அவன் அறைக்குள் போனேன், பட்டப்பகலில் இருட்டு. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, திரியாகச் சுருட்டி, ஜன்னல் இடுக்குகளில் ஸ்கேலால் குத்திக் குத்தி அடைத்திருந்தான். எதிர்வீட்டு டிவியில் செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறாராம். சாப்பாட்டில் எதையோ கலக்கிறோம் என்று நம்பினான். நான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டிய பிறகுதான் தட்டைத் தொடுவான்.

ஆள் இல்லாமல் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கை, நினைப்பதெல்லாம் வெளியே கேட்டுவிடுகிறது என்ற பயம், ஒன்றோடொன்று ஒட்டாத பேச்சு: இவைதான் பளிச்சென்று தெரிகிற அறிகுறிகள். ஒரே ஆள் இரண்டு ஆளாக மாறுவது இந்த நோய் இல்லை. ஒருநாள் உளறியதை வைத்தும் இதை முடிவு செய்ய மாட்டார்கள். கஞ்சா, குடி, வலிப்பு, தைராய்டு எல்லாம் இதே மாதிரி காட்டக்கூடும் என்பதால், முதலில் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். ஆறு மாதமாக ஏதோ ஒரு வடிவில் மாற்றம் தொடர்ந்திருக்கிறதா என்று கேட்பார்கள். அதனால் எது எப்போது தொடங்கியது என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

காரணம் என்ன என்று கேட்டால், மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலை தடம் மாறுவது ஒன்று. பரம்பரையும் உண்டு. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவு. ஆனால் அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்குக் கட்டாயம் வரும் என்று இல்லை, பாதிப் பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் வருகிறது. சின்ன வயதில் கஞ்சா பிடிப்பது ஆபத்தைக் கூட்டும். வளர்ப்பில் வந்த குறை இல்லை, செய்வினையும் இல்லை. என் அம்மா பல வருடம் தன்னையே குற்றம் சொல்லி அழுதாள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணும் சேர்ந்து அழுவாள்.

சரி, அவனிடம் எப்படிப் பேசுவது? நான் ரொம்பத் தவறு செய்தது இதில்தான். “அக்கா, அவங்க வாசல்ல நிக்கிறாங்க” என்பான். நான் கதவைத் திறந்து, “பாரு, யாருமே இல்லையே” என்று நிரூபிப்பேன். நானும் அவர்களோடு சேர்ந்துவிட்டேன் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. பிறகு ஒரு நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்தார்: இல்லை என்று வாதாடாதே, ஆமாம் என்று தலையாட்டவும் செய்யாதே, அவனுடைய பயத்தைப் பற்றிப் பேசு. அடுத்த முறை அவன் சொன்னபோது, “எனக்குக் கேக்கலைடா. ஆனா உனக்குக் கேக்குது, பயமா இருக்குல்ல? நான் இங்கயே உக்காந்திருக்கேன்” என்றேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அன்றுதான் ரொம்ப நாளைக்கு அப்புறம் என் தோளில் சாய்ந்தான்.

டாக்டரிடம் வர மறுப்பார்கள். பிடிவாதம் இல்லை அது, தனக்கு நோய் என்பதே தெரியாமல் போவதும் இந்த நோயின் குணம். ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள். அவர்களுக்கே தொந்தரவாகத் தெரிவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். “தூக்கமே வரலை, அதுக்காவது பார்ப்போம்” என்றதும் தம்பி கிளம்பினான். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு போன் போடுங்கள், அது அரசின் டெலி மானஸ் சேவை, தமிழில் பேசலாம். கோயிலுக்கோ தர்காவுக்கோ போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், நாங்களும் போனோம். மருந்தை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அவ்வளவுதான். கட்டி மட்டும் போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் எரிந்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலி கட்டுவதையே தடை செய்கிறது.

மாத்திரை தொடங்கினால் தூக்கம் சில நாளில் வரும், குரல் குறைய வாரங்கள் ஆகும். கை நடுக்கம், எச்சில் ஒழுகுவது, கழுத்து இழுத்துக்கொள்வது போன்ற பக்கவிளைவுகள் வரலாம். தம்பி ராத்திரியில் வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்துகொண்டே இருந்தான், ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. நோய் முற்றிவிட்டது என்று பயந்தோம். அது மருந்தால் வந்த பரபரப்பு, டாக்டர் அளவைக் குறைத்ததும் அடங்கியது. எதுவானாலும் நீங்களாக நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள். எடையும் சர்க்கரையும் ஏறலாம், அதையும் பார்த்துக்கொண்டே இருங்கள். தினமும் விழுங்க மறுப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போடுகிற ஊசி உண்டு. இரண்டு மருந்து மாற்றியும் கேட்காவிட்டால் குளோசபின் என்று ஒன்று இருக்கிறது. ரொம்பப் பலன் தரும், ஆனால் வெள்ளை அணு குறைந்துவிடலாம் என்பதால் முதல் 18 வாரமும் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும்.

மாத்திரையைச் சாப்பாட்டில் கலக்காதீர்கள். நான் கலந்தேன். ரசத்தின் அடியில் வெள்ளைப்பொடி தங்கியிருந்ததைப் பார்த்துவிட்டான். விஷம் வைக்கிறோம் என்ற அவன் பயத்தை நானே மெய்யாக்கிவிட்டேன். மூன்று நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. அதற்கு அப்புறம் ஒப்பந்தம் போட்டோம்: ராத்திரி சாப்பிட்டதும் அவனே எடுத்துப் போடுவான், நான் காலண்டரில் தேதிமேல் ஒரு கோடு போடுவேன். இன்றுவரை அப்படித்தான். முதல் முறை வந்து குணமானவர்களுக்கே ஒன்றிரண்டு வருடமாவது மருந்து தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இன்னும் அதிக காலம்.

குரல் அடங்கின பிறகு வருவதுதான் நீளமான கட்டம். ஆள் படுத்தே கிடப்பான். முகத்தில் சிரிப்பும் இருக்காது, கோபமும் இருக்காது. அப்பா “சோம்பேறி” என்று திட்டிக்கொண்டே இருப்பார். உடம்பை எழவிடாமல் செய்வதும் அதே நோய்தான், மாத்திரை இதில் அதிகம் உதவாது. எந்நேரமும் குறை சொல்கிற வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பால் பாக்கெட் வாங்கிவருவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று ஒரே ஒரு வேலையில் தொடங்குங்கள். தம்பி இப்போது அரிசி மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதுகிறான், பத்திலிருந்து நான்கு மணி வரை. வேலைக்கே போக முடியாதவர்களுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது, சலுகைகள் பெற 40 சதவீதமாவது பாதிப்பு என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும்.

செத்துப்போகலாம் என்று பேசினால் அலட்சியம் வேண்டாம். அப்படித் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள், தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக, நோய் திரும்புவதற்கான அறிகுறி ஆளுக்கு ஆள் வேறு. உங்கள் வீட்டு அறிகுறியை அவர் தெளிவாக இருக்கும்போது கூட உட்கார்ந்து எழுதிவையுங்கள். எங்கள் நோட்டில் முதல் வரி தம்பியின் கையெழுத்திலேயே இருக்கிறது: “ரெண்டு ராத்திரி தூங்கலைன்னா, இல்ல ஜன்னல்ல துணி வச்சேன்னா, என்னைக் கேக்காம டாக்டருக்கு போன் பண்ணு.”