மரம் நடுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

என் பெரியப்பா 1995-ல் கிணற்று மேட்டிலிருந்து வாய்க்கால் வரைக்கும் நூறு தேக்கங்கன்றுகளை நட்டார். ஆடு கடிக்காமல் முள் அடைத்தார், கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். 22 ஆண்டுகள் கழித்து ஒரு மர வியாபாரி வந்தார். கிணற்றோரம் தண்ணீர் குடித்து வளர்ந்த முதல் மரத்தைச் சுற்றி டேப் பிடித்தார். சுற்றளவு 4 அடி. பத்தடி நீளக் கட்டை என்று வைத்துக்கொண்டு, தன் சின்ன நோட்டில் 10 கன அடி என்று எழுதினார்.

பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நின்ற இடத்திலேயே மனக்கணக்குப் போட்டுவிட்டார். "12.7 கன அடி வருகிறதே, மீதியை எங்கே விட்டீர்கள்?" என்று கேட்டார். "ஐயா, எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம்" என்றார் வியாபாரி. பேச்சு முற்றியது. வியாபாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

உண்மையில் இருவர் கணக்கும் சரி. மர வியாபாரத்தில் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவார்கள். 4 அடியை நாலால் வகுத்தால் 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் 1. பத்தடி நீளத்துக்கு 10 கன அடி. உருளையின் உண்மையான கன அளவோடு ஒப்பிட்டால் இந்த முறையில் சுமார் 21.5 சதவீதம் குறையும். உருண்டைக் கட்டையைச் சதுரமாக அறுக்கும்போது கழிகிற பக்கப் பலகைக்காக விட்டுக்கொடுத்த பழைய கணக்கு அது. கடையில் சொல்லும் கன அடி விலையும் இந்த அளவுக்கு உரிய விலைதான். ஓர் அளவில் கனத்தைப் போட்டு, இன்னோர் அளவின் விலையால் பெருக்கினால்தான் ஏமாந்ததுபோல் தோன்றும். மரத்தை வளர்ப்பதில் பெரியப்பா ஒரு குறையும் வைக்கவில்லை. அதை வாங்குபவர் எப்படி அளப்பார் என்பதைத்தான் 22 ஆண்டுகளில் ஒரு நாளும் கேட்கவில்லை.

எங்கள் வட்டாரத்து மரம் வளர்ப்போர் குழுவில் நான் சில ஆண்டுகளாக இருக்கிறேன். வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த மரம் நடலாம்?" என்பதுதான். "யாருக்கு விற்கப்போகிறோம்?" என்று ஆரம்பிப்பவர் அபூர்வம். இந்தத் தவறை விவசாயி மட்டும் செய்யவில்லை. மரம் நடச் சொன்ன அரசுகளும் குழுக்களும் நாற்பது ஆண்டுகளாகச் செய்த தவறு இது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் நம் வயலில் அதைத் திரும்பச் செய்ய மாட்டோம்.

கன்றை எண்ணி, மரத்தை மறப்பது

தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் 1981-ல் ஸ்வீடன் நாட்டு நிதி உதவியோடு தொடங்கியது. ஏரிகளின் உட்புறங்களில் கருவேல மரங்கள் எழுந்தன. விவசாயிகளுக்கும் கன்றுகள் போயின. ஊருக்கு விறகு வேண்டும் என்பது அன்றைய கவலை, அது நியாயமான கவலையும்கூட. ஆனால் வெற்றியை அளக்க எடுத்த கோல் கன்றுகளின் எண்ணிக்கை. எத்தனை லட்சம் கன்று கொடுத்தோம் என்பதற்குப் பதிவேடு இருந்தது. எத்தனை மரம் நல்ல விலைக்குப் போனது என்பதற்கு அத்தனை அக்கறையான பதிவேடு இல்லை.

இதே காலத்தில் குஜராத், ஹரியானா, உத்தரப் பிரதேசப் பகுதிகளில் விவசாயிகள் வயல் வயலாகத் தைலமரம் நட்டார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டதால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வெட்டுக்கு வந்தது. 1980-களின் பிற்பகுதியில் விலை சரிந்தது. மனம் வெறுத்து வேரோடு பிடுங்கியவர்களும் உண்டு.

அந்த வட இந்திய வயல்களிலேயே இன்னொரு கதையும் நடந்தது. தீப்பெட்டித் தொழிலில் இருந்த விம்கோ நிறுவனம் 1984-ல் நபார்டு வங்கியின் ஆதரவோடு பாப்லர் மரத் திட்டத்தைத் தொடங்கியது. கன்று, தொழில்நுட்பம், வங்கிக் கடன், திரும்ப வாங்கிக்கொள்வதற்கான உறுதி ஆகிய நான்கும் ஒன்றாக விவசாயியின் கைக்கு வந்தன. பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசத்தில் கோதுமை வயலுக்கு நடுவே இன்றும் வரிசை வரிசையாகப் பாப்லர் நிற்கிறது என்றால், அதன் தொடக்கத்தில் வாங்குபவர் ஒருவர் இருந்தார் என்பது முக்கியக் காரணம்.

1986-ல் ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரியம், பால் கூட்டுறவைப் போலவே மரம் வளர்ப்போர் கூட்டுறவுகளை உருவாக்கும் முயற்சியில் இறங்கியது. அருமையான எண்ணம். ஆனால் பால் தினமும் இரண்டு வேளை சங்கத்துக்கு வரும். அளவு, காசு, சண்டை, சமாதானம் எல்லாம் அன்றாடம் நடக்கும். மரமோ வருடக்கணக்கில் ஒரு வரவும் தராமல் நிற்கும். இடைப்பட்ட காலத்தில் உறுப்பினரைச் சங்கத்தோடு கட்டிவைக்க வேறு வேலை வேண்டும். நாற்றங்கால், கவாத்து ஆட்கள், விலைத் தகவல் என்று ஏதாவது ஒன்று மாதந்தோறும் நடக்காத குழு உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று மட்டும் கூடிப் புகைப்படம் எடுக்கும் குழுவாகச் சுருங்கிவிடும். குழு தொடங்குபவர்கள் முதலில் தவிர்க்க வேண்டிய தவறு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

திசை மாறியது 1988-ல். அந்த ஆண்டின் தேசிய வனக் கொள்கை, மரம் தேவைப்படும் ஆலைகள் காட்டை நம்பியிருக்காமல் விவசாயிகளோடு நேரடி உறவு வைத்து மூலப்பொருளை உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்றது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. அதற்குப் பிறகு ஆலைகளுக்குப் பட்டா நிலத்து மரத்தைத் தேடி வருவதைத் தவிர வழி குறைந்தது. கரும்புச் சக்கையில் காகிதம் செய்யத் தொடங்கிய கரூர் காகித ஆலை 2004 வாக்கில் விவசாயிகளோடு சேர்ந்து சவுக்கும் தைலமும் வளர்க்கும் திட்டத்துக்கு வந்தது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி 2008-ல் ஆலைகளையும் விவசாயிகளையும் இணைக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தது. 2015-ல் அது தொழிற்சாலைகளுக்கான வேளாண் காடுகள் கூட்டமைப்பாக வடிவம் பெற்றது. வளர்ப்பவர், வாங்கும் ஆலை, ஆராய்ச்சி நிலையம், தேவைப்பட்டால் வங்கி, இத்தனை பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முறை அங்கே பழக்கத்துக்கு வந்தது.

நாம் ஒப்பந்தம் போட்டாலும் போடாவிட்டாலும், நடும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். நம் ஊரிலிருந்து ஆலைக்கோ சந்தைக்கோ எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் போக டன்னுக்கு என்ன நிற்கும் என்று கணக்கிடுங்கள். விறகுக்கும் காகிதக் கூழுக்கும் போகும் மரத்தில் தூரம்தான் லாபத்தைத் தின்னும்.

விளம்பரக் கணக்கை நம்புவது

1990-களில் செய்தித்தாளைத் திறந்தால் தேக்குத் திட்ட விளம்பரங்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு யூனிட், இருபது ஆண்டில் லட்சங்கள். நடுத்தரக் குடும்பங்கள் சேமிப்பைக் கொட்டின. 1990-களின் கடைசியில் அந்தக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1999-ல் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தபோது பலருடைய பணம் போயிருந்தது. விளம்பரக் கணக்கு எளிமையானது: நட்ட மரம் அத்தனையும் பிழைக்கும், அத்தனையும் ஒரே பருமனில் வளரும், முற்றிய காட்டுத் தேக்கின் விலைக்கே போகும். இளந்தேக்கில் வைரம் என்னும் கெட்டியான உட்கட்டை குறைவு, வெளிவட்டத்து வெள்ளைக் கட்டை அதிகம் என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

இது நம் ஊர்ச் சபலம் மட்டும் அல்ல. ஆஸ்திரேலியாவில் தனியார் நிலத்தில் மரம் வளர்க்க வட்டாரம் தோறும் குழுக்கள் இருந்தன. விவசாயி, ஆலை, உள்ளாட்சி மூவரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தன. 1997-ல் அந்த நாடு 11 லட்சம் ஹெக்டேர் தோட்டக் காட்டை 2020-க்குள் 33 லட்சம் ஹெக்டேராக்கும் இலக்கை அறிவித்தது. ஆனால் வேகமாக நட்டது விவசாயிகள் அல்ல, வரிச்சலுகை காட்டி நகரத்து முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டிய கம்பெனிகள். 2009-ல் டிம்பர்கார்ப், கிரேட் சதர்ன் ஆகிய இரண்டு பெரிய கம்பெனிகள் ஒரு மாத இடைவெளியில் சரிந்தன. இலக்கில் பாதிக்குச் சற்று மேலே நடவு நின்றது. மரத்தின் விலையை நம்பாமல் வரிச்சலுகையை நம்பி நட்ட தோட்டங்கள் சில மறுபடி மேய்ச்சல் நிலமாயின.

இன்று நம்மிடம் வரும் விளம்பரங்களில் மரத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. மலைவேம்பு நல்ல பிளைவுட் மரம். ஆனால் ஆழமான மண்ணும் தண்ணீரும் வேண்டும். செம்மரத்துக்கு வெளிநாட்டு விலையைச் சொல்லிக் கன்று விற்கிறார்கள். அது 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, நினைத்தபடி ஏற்றுமதி செய்ய முடியாது என்பதைச் சொல்வதில்லை. சந்தனம் பிற செடிகளின் வேரிலிருந்து சத்து எடுத்து வளரும் மரம். பக்கத்தில் துவரையோ சவுக்கோ துணைக்கு இல்லாமல் தனியாக நட்டுவிட்டு, வளரவில்லை என்று வருந்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காகிதத்தை அலட்சியம் செய்வது

தமிழ்நாட்டில் 2002 வரை பட்டா நிலத்தில் சந்தன மரம் முளைத்தால் அது அரசின் சொத்து. காவல் பொறுப்பு மட்டும் நிலக்காரருக்கு. திருட்டுப் போனால் கேள்வி கேட்பார்கள் என்ற பயத்தில், முளைத்ததைச் சத்தமில்லாமல் பிடுங்கிப் போட்டவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். மரத்தைக் காக்க வந்த சட்டமே முளையைக் கொன்றது. 2002 திருத்தம் உரிமையை நிலக்காரருக்குத் தந்தது. 2008-ல் விதிகள் வந்தன. ஆனாலும் சந்தனத்தை நாமே வெட்டி விற்க முடியாது. வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும்.

ஆகவே நட்ட வருடமே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, நிலத்தில் என்ன நிற்கிறது என்று எழுதும் பதிவேடான அடங்கலில் மரத்தைப் பதிவு செய்யுங்கள். வெட்டும் வருடம் போய் நின்றால், இது உன் நிலத்து மரம்தானா என்ற கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மலைப்பகுதியில் நிலம் உள்ளவர்களுக்கு 1955-ன் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சொந்த மரத்தை வெட்டவும் அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் அனுமதி வேண்டும். சவுக்கு, தைலம் போன்றவற்றுக்கு நடைமுறை எளிது. எந்த மரத்துக்கு எந்த அனுமதி என்பதை வனச்சரக அலுவலகத்தில் கன்று வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

நெருக்கி நடுவது, கழிக்க மறுப்பது

ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஐந்தடிக்கு ஐந்தடி நட்டால் 1,742 மரம். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி என்றால் 302. முதல் எண்ணைக் கேட்டதும் மனசு அதன் பக்கம் போகும். குச்சியாக, டன் கணக்கில் விற்கும் சவுக்குக்கு நெருக்கம் சரி. அறுத்துப் பலகையாக்க வேண்டிய தேக்குக்கு அது கேடு. வெளிச்சத்துக்காக ஒன்றையொன்று முண்டி, மூங்கில் போல உயர்ந்து, பருமன் வைக்காமல் நிற்கும். நெருக்கி நட்டால் சில ஆண்டுகளில் நோஞ்சானைக் கழித்தே ஆக வேண்டும். எங்கள் பெரியம்மா, "வளர்ற மரத்தில் கத்தி வைப்பார்களா?" என்று பெரியப்பாவைத் தடுத்துவிட்டார். அன்புதான் காரணம். ஆனால் அந்த அன்பினால், நூறில் வாய்க்கால் பக்கத்து நாற்பது மரங்கள் இன்றும் தொடையளவுகூடப் பருக்கவில்லை.

வரப்பில் நடுபவர்கள் பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நிழல் அவர் நெல்லில்தான் விழும்.

விற்கும் நாளில் அவசரப்படுவது

எடைக்கு விற்கும் மரம் வெட்டிய நிமிடத்திலிருந்து காய்கிறது. காயக் காய எடை இறங்கும். லாரி எந்த நாள் வரும் என்று உறுதியாகாமல் வெட்டு ஆட்களை இறக்காதீர்கள். பட்டை உரித்தா, உரிக்காமலா, எந்தப் பருமனுக்குக் கீழே எடுக்க மாட்டார்கள், எடை மேடை யாருடையது என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். முக்கால் ஏக்கர் சவுக்குக்காக ஆலை லாரி உள்ளூருக்குள் வராது. அதனால்தான் அது இடைத்தரகரிடம், அவர் சொன்ன விலைக்குப் போகிறது.

எங்கள் குழுவிடம் அலுவலகம் கிடையாது, ஒரு நீள நோட்டு இருக்கிறது. சர்வே எண், மரம், நட்ட மாதம், எண்ணிக்கை, வண்டி வருகிற பாதை என ஐந்தே கட்டம். போன தை மாதம் அதைப் புரட்டியபோது, பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒன்பது பேருடைய சவுக்கு ஒரே வயதில் இருப்பது தெரிந்தது. ஒன்பது பேரும் சேர்ந்து ஒரே வாரத்தில் வெட்டுவதாகச் சொன்னோம். வாங்குபவரே வந்து வயலைப் பார்த்தார். பெரியப்பாவும் அன்று கூட வந்திருந்தார். வந்தவரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, தேக்கை நீங்கள் எப்படி அளப்பீர்கள்?"