வார்லாக் பாத்திரத்திற்கு ஓர் அமானுடப் புரவலரை உருவாக்குவது எப்படி?

பலர் கூடிக் கதையை நடித்தாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிகளில், அமானுட சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெறும் வார்லாக் பாத்திரத்தை எடுப்பவர் முதல் லெவலிலேயே தமக்குச் சக்தி தரும் புரவலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு விதிகள் அத்தேர்வை மூன்றாம் லெவலுக்குத் தள்ளிவைத்தன. எந்த விதிகளானாலும், புரவலரின் குணமும் நோக்கமும் ஆட்டத்தை நடத்தும் நீங்களே நிரப்ப வேண்டியவை. புதியவர்கள் பெரும்பாலும் தோற்றத்திலிருந்து தொடங்குகிறார்கள். கொம்பும் சிறகும் கடைசியில் வரட்டும்.

முதல் படி: புரவலருக்கு என்ன வேண்டும், அதைத் தானே ஏன் அடைய முடியவில்லை என்ற இரண்டையும் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, கடலில் மூழ்கிய ஒரு நகரத்தின் காவல் ஆவி, அந்நகரத்தின் ஏழு வெண்கல மணிகளை மீண்டும் ஒன்றுசேர்க்க விரும்புகிறது. ஆனால் உப்புநீரை விட்டு அதனால் வெளியேற இயலாது. ஆகவே அதற்கு ஒரு மனிதர் தேவை. அம்மணிகளோ தப்பிப் பிழைத்தவர்களின் வாரிசுகளிடம் இருக்கின்றன, அவற்றின் ஓசையே தங்கள் ஊர்களைக் காக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள் என வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மணியும் பாத்திரத்தின் முன் ஒரு கடினமான தேர்வை வைக்கும்.

இரண்டாவது, விலை. ஆன்மாவை எழுதிக் கொடுப்பது கேட்க அச்சமூட்டினாலும், பாத்திரம் இறக்கும்வரை ஆட்டத்தில் அதனால் எதுவும் நிகழப்போவதில்லை. ஒவ்வோர் அமர்விலும் உறுத்தக்கூடிய சிறிய விலையே சிறந்தது: பொய்யான அபாய மணியால் அழிந்த நகரம் அது என்பதால், ஆவியின் சக்தியைப் பயன்படுத்தியவர் மறுநாள் விடியும்வரை பொய் சொல்ல முடியாது. கீழ்ப்படியாத பாத்திரத்திடமிருந்து சக்தியைப் பறிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே ஓர் ஆட்டக்காரர் மட்டும் செய்வதற்கு ஒன்றுமின்றி உட்கார்ந்திருப்பார். அதே மணியைத் தேட இன்னொரு சேவகரைப் புரவலர் அனுப்பினால் கதை நகரும்.

சக்திகளுக்குப் புதிய விதிகள் வேண்டாம். 2014 விதிகளில் ‘கிரேட் ஓல்ட் ஒன்’ என்ற புரவலர், 30 அடிக்குள் இருப்பவரின் மனத்தோடு பேசும் திறனை அளிக்கிறார். அத்திறனை அப்படியே எடுத்து, நீருக்கடியிலிருந்து எழும் குரலாக வருணித்தால் போதும்.

இனித் தோற்றத்தை எழுதலாம். இரண்டு வரிகளுக்கு மேல் தேவைப்படாது.

புரவலர் பாத்திரத்தின் உடலையோ நினைவையோ கைப்பற்றலாமா என்பதை ஆட்டக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சிலருக்கு அது பிடிக்காது. பிறகு புரவலரின் முதல் இரண்டு கோரிக்கைகளை மட்டும் எழுதுங்கள். மூன்றாவது கோரிக்கையை, அவற்றுக்குப் பாத்திரம் என்ன செய்தது என்று பார்த்தபின் முடிவுசெய்யலாம்.