முரசு நோய் ஆய்வுக்கு உமிழ்நீர் சேகரிக்கும் முறை

முரசு (பல் ஈறு) நோயில், பல்லோரத்தில் படியும் பக்டீரியாக்களை எதிர்க்க வரும் வெண்குருதிக் கலங்கள் தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் மூலக்கூறுகளை வெளிவிடுகின்றன. அவை பக்டீரியாவோடு நில்லாமல் நம் இழையங்களையும் அரிக்கும்போது உண்டாகும் மலோன்டைஅல்டிகைட்டு போன்ற எச்சங்கள் உமிழ்நீரில் கலக்கின்றன. அவற்றை அளப்பது ஆய்வுகூடத்தின் வேலை. அந்த அளவு நம்பத்தக்கதா என்பதோ, உமிழ்நீரை எடுக்கும் நம் கையில் இருக்கிறது.

காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் எடுப்பது நல்லது. அதற்கு முந்திய 90 நிமிடங்களில் உணவு, தேநீர், புகைத்தல், பல் துலக்குதல் எதுவும் கூடாது. திருகோணமலையில் இவை எல்லாவற்றையும்விட வெற்றிலையைப் பற்றித்தான் வற்புறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் விடியற்காலையில் பஸ் ஏறி வரும் மூத்தவர்களில் சிலர், வழியில் போட்ட ஒரு வாய் வெற்றிலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மலோன்டைஅல்டிகைட்டைப் பெரும்பாலும் இளஞ்சிவப்பு நிறத்தின் செறிவைக் கொண்டே அளப்பதால், வெற்றிலைச் சாற்றின் சிவப்பு அந்த அளவைக் குழப்பிவிடும். குருதியும் அப்படியே; ஆகவே முரசை அளவுகோலால் சோதிப்பதற்கு முன்னரே உமிழ்நீரை எடுத்துவிடுங்கள். குப்பியில் செந்நிற இழை தெரிந்தால், தயங்காமல் அதை ஒதுக்கிவிட்டு அவரை வேறொரு நாள் வரச்சொல்லுங்கள்.

வெறும் நீரால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, பத்து நிமிடம் அமைதியாக அமர்த்துங்கள். பின்னர் தலையைச் சற்றே முன்னே கவிழ்த்து, காறாமலும் உறிஞ்சாமலும், கீழுதட்டின் வழியே தானாக வழிவதை ஐந்து நிமிடம் குப்பியில் ஏந்த வேண்டும். நலமுள்ள ஒருவருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.3 மில்லிலீற்றர் சுரக்கும், 0.1 இலும் குறைந்தால் வாய் உலர்வு எனக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நீர் குறையும்போது எச்சங்களின் செறிவு கூடுதலாகத் தோன்றக்கூடும்.

இங்குள்ள வெயிலில் குப்பியை மேசையில் விட்டுவைக்கவே கூடாது. நொறுக்கிய ஐஸில் புதைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். அங்கே சுழற்றித் தெளிந்த நீரைப் பிரித்து, மறை 80 பாகை செல்சியஸில் வைப்பார்கள்.

புகைத்தலும் நீரிழிவும் இதே எச்சங்களை உயர்த்துவதால், அவை பற்றிய விபரத்தையும், பிறகு பல் வைத்தியர் அளக்கும் முரசுப் பையின் (பல்லுக்கும் முரசுக்கும் இடையிலான இடைவெளியின்) ஆழத்தையும், குருதிக் கசிவையும் அதே படிவத்தில் எழுதிவிடுங்கள்.