அரசியல்வாதிகளின் முகநூல் பதிவை மதிப்பிடும்போது விடும் பிழைகள்

தேர்தல் அறிவித்தால் போதும், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இளம் பிள்ளைகள் கூடி வேட்பாளர்களின் முகநூல் பதிவுகள் எவ்வளவு பொறுப்பானவை என்று புள்ளி போடத் தொடங்கிவிடுவார்கள். நல்ல வேலைதான். ஆனால் நாங்கள் முதல் விட்ட அதே பிழைகளைத்தான் ஒவ்வொரு புதுக் குழுவும் விடுகிறது. போலிக் கணக்கு, பழைய படம் எல்லாம் அவர்களுக்கே பிடிபடும், அதை விடுகிறேன்.

மரியாதையைப் பார்த்துப் புள்ளி போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஒரு பயிற்சியில் இரண்டு பதிவுகள் கொடுத்தோம். ஒன்று, காணிப் பிரச்சினை பற்றி ஓர் அரசியல்வாதி எழுதியது. 'அன்பான உறவுகளே' என்று தொடங்கி, 'தாழ்மையுடன்' எல்லாம் போட்டு, 'இடையில் வந்தவர்கள்' எங்கள் காணியைப் பிடிக்கிறார்கள் என்று முடிகிறது. மற்றது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்காக நிற்கும் ஒருவர் அமைச்சரைப் பார்த்து "பொய் சொல்ல வெட்கமில்லையா உனக்கு" என்று கேட்டது. முன்னதுக்கு நல்ல புள்ளி. பின்னது 'நாகரிகமில்லை'.

1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களைத்தான் முதல் பதிவு குத்துகிறது. வன்னியில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. "பெயர் சொல்லவில்லையே அண்ணா" என்றார் ஒரு தம்பி. பெயர் சொல்லாததில்தான் வசதி: கேட்டால் மறுக்கலாம், மிச்சத்தைக் கீழே வருபவர்கள் சொல்லிவிடுவார்கள். பின்னூட்டங்களைத் திறக்கச் சொன்னேன். சாதிவசை வரை போயிருந்தது. எழுதியவர் ஒன்றையும் நீக்கவில்லை. சிலதுக்கு இதயமும் போட்டிருந்தார்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் வீதியோரப் பந்தலில் உட்கார்ந்த தாய்மாருக்காகப் பேசுபவரிடம் 'மாண்புமிகு'வை எதிர்பார்ப்பது என்ன நியாயம்? அவர் கேட்டது ஆட்சியில் இருப்பவரின் செயலைப் பற்றி. யாருடைய பிறப்பையும் இழுக்கவில்லை. ஒருமையில் பேசியதற்கு ஒரு புள்ளி குறையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஐ.நா.வின் 2012 ரபாத் செயல்திட்டம் ஆறு கேள்விகள் கேட்கிறது: சூழல் என்ன, பேசியவர் யார், நோக்கம் என்ன, என்ன சொன்னார், எவ்வளவு தூரம் போனது, தீங்கு விளைய எவ்வளவு வாய்ப்பு. தண்டிக்க வேண்டிய வெறுப்புப் பேச்சை அடையாளம் காண வகுத்ததுதான். என்றாலும் அந்தக் கேள்விகளை நாமும் கடன் வாங்கலாம்.

சட்டத்தையும் அறத்தையும் ஒன்றாக்குவது

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம்) சட்டம் இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. அதில் மாட்டாத பதிவெல்லாம் நல்ல பதிவாகிவிடாது. அதேபோல, பிடிக்காத பதிவுக்கெல்லாம், இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்த 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் தூக்காதீர்கள். நாளைக்கு அது உங்களையும் தேடி வரும்.

நறுக்கிய காணொளி

முழுதையும் பாருங்கள். பாராளுமன்றப் பேச்சென்றால், பேசியதை எழுத்தில் பதியும் ஹன்சாட் அறிக்கை இருக்கிறது.

எங்கட ஆள் என்றால் ஒரு சலுகை

பெயரை மறைத்துவிட்டுப் புள்ளி போடுங்கள். பதவியை மறைக்க வேண்டாம்; பேசியவர் யார் என்ற கேள்விக்கு அது வேண்டும்.