கலண்டர் வசனத்துக்கு மேலும் கீழும்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுச் சுவர்க் கலண்டரில் எரேமியா 29:11 என்ற வேத வசனம் இருக்கிறது. நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம் அது. தம்பியின் ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு வரும்வரை அம்மா தினமும் அதைச் சொல்லித்தான் ஜெபித்தா.

ஒருநாள் முழு அதிகாரத்தையும் வாசித்தோம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. முந்தின வசனமே, 70 வருடம் முடிந்த பிறகுதான் ஊர் திரும்புவீர்கள் என்கிறது! 5ஆம் வசனம் வீடு கட்டி, தோட்டம் நாட்டச் சொல்கிறது. 7ஆம் வசனம், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபிக்கச் சொல்கிறது. உடனே கிடைக்கும் பெறுபேற்றைப் பற்றியதல்ல, நெடுநாள் காத்திருப்பவர்களுக்கான வாக்கு. இடம்பெயர்ந்து வாழ்ந்த அம்மம்மாவுக்குச் சட்டென்று விளங்கிற்று. "முகாமிலயும் கத்தரிக் கண்டு நட்டுத்தானே இருந்தம்" என்றா.

ஆகவே ஒரு வசனம் மனதைத் தொட்டால், மேலே பத்து, கீழே பத்து வசனம் சேர்த்து வாசியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலைமையில் எழுதினார் என்று கொப்பியில் ஒரு வரி குறியுங்கள். வசன எண்கள் பிற்காலத்தில் சேர்த்தவை. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள எண்கள் 1551இல்தான் வந்தன. அந்த எண்ணோடு நின்றுவிட வேண்டாம்.

இரவு ஜெபத்துக்கு முன் பத்து நிமிடம் போதும். எங்கள் வீட்டில் இப்போது மட்டக்களப்பின் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறோம்.