புண்ணாக்கு வீணாகிறதா? பாலில் யூரியா பார்க்கும் முறை

கடலைப் புண்ணாக்கு விற்கிற விலைக்கு, அதில் ஒரு பங்கு மூத்திரமாய்ப் போனால் வயிறு எரியும். போகிறதா இல்லையா என்பதைப் பாலிலேயே பார்த்துவிடலாம். மாடு தின்ற புரதத்தில் பெரும்பகுதியை இரைப்பை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக உடைக்கும். கூடவே மாவுச்சத்தும் கிடைத்தால் அந்த அம்மோனியாவை வைத்துப் பெருகும். கிடைக்காவிட்டால் அது ரத்தத்தில் ஏறும். ஈரல் அதை யூரியாவாக்கும். சிறுநீரிலும் பாலிலும் வெளியேறும்.

மாதிரி எடுப்பது சுலபம். முழுசாய்க் கறந்து, நன்றாகக் கலக்கி, சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். ஐஸ் பெட்டி கட்டாயம். மே மாத வேலூர் வெயிலில் அணைக்கட்டிலிருந்து காட்பாடி போவதற்குள் பால் திரிந்துவிடும். ஒரு மாட்டின் ஒரு வேளைப் பாலை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே தீவனம் தின்கிற மாடுகளின் சராசரிதான் கணக்கு.

ரிப்போர்ட் வந்ததும் நிதானம் வேண்டும். சில லேப் 'யூரியா' என்று தரும், சில 'யூரியா நைட்ரஜன்' என்று தரும். இரண்டும் வேறு; யூரியா நைட்ரஜன் என்பது யூரியாவில் இருக்கும் நைட்ரஜன் மட்டும். யூரியா என்றிருந்தால் 2.14-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லியில் 30 மில்லிகிராம் யூரியா என்றால் யூரியா நைட்ரஜன் 14தான், நல்ல அளவு. வகுக்காமல் 30-ஐப் பார்த்துப் பயந்து புண்ணாக்கைக் குறைத்தால் பால்தான் குறையும்.

யூரியா நைட்ரஜன் பொதுவாக 10 முதல் 16 வரை இருக்கலாம். 18, 20 என்று ஏறினால் சினை பிடிப்பதும் தள்ளிப்போகலாம். அப்போதும் எடுத்தவுடன் புண்ணாக்கில் கை வைக்காதீர்கள்; உடைத்த மக்காச்சோளம் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். புரதம் நிறைந்த அகத்தி, வேலிமசால் தழைகளைத் தாராளமாகப் போடுகிற வீடென்றால் மட்டும் புண்ணாக்கைக் குறைக்கலாம். 8-க்குக் கீழே போனால், கோடையில் வெறும் வைக்கோலில் நிற்கும் மாடுகளிடம் இதைப் பார்க்கலாம், புரதம் போதவில்லை. எதையும் ஒவ்வொன்றாக மாற்றி, இரண்டு வாரம் விட்டு, அதே வேளைப் பாலை மறுபடி கொடுங்கள்.

பாலில் யூரியா கலந்திருந்தால் மஞ்சள் நிறம் காட்டும் கலப்படக் கிட் இதற்கு உதவாது. கலப்படத்துக்கான வரம்பே 100 மில்லிக்கு 70 மில்லிகிராம் யூரியா. நமக்கு வேண்டியது அதற்கு வெகு கீழே நடக்கும் ஏற்ற இறக்கம். லேபில் அகச்சிவப்புக் கருவி இருந்தால் அதுவே என் தேர்வு.

பிற்சேர்க்கை: "சொசைட்டியில் எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக மீதித் திடப்பொருள்) நன்றாக வருகிறதே, அது போதாதா?" என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டார். போதாது. எஸ்.என்.எஃப் நன்றாக இருக்கும்போதே யூரியா நைட்ரஜன் 20-ஐத் தாண்டியிருக்கலாம். எஸ்.என்.எஃப்-ஐ ஏற்றிக் காட்டத்தானே சிலர் பாலில் யூரியாவையே கலக்கிறார்கள்!